கதையா, கதாபாத்திரமா? கேம்பெயினை எது இழுக்கிறது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம்; பல நாள் தொடர்ந்து ஓடுகிற அதன் கதைக்குக் கேம்பெயின் என்று பெயர். ஐந்து பேர், மாதம் இரண்டு ஞாயிறு, நீங்கள்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். 40 பக்கம் கதை எழுதி வைத்திருந்தீர்கள். காணாமல் போன இளவரசன், துரோகி மந்திரி, எல்லாம் உண்டு. மூன்றாவது செஷனில் ஆட்கள் வழியில் வந்த சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, சத்திரக்காரரின் மகள் கல்யாணத்தை எப்படி நடத்திவைப்பது என்று 2 மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டார்கள். இளவரசனை ஒருத்தரும் நினைக்கவில்லை. நீங்கள் இழுத்துப் பிடிக்கப் பார்த்தபோது ஒருவர், "கேரக்டர் வழியே போகணும், நீங்க கதையைத் திணிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் கேம்பெயினைக் கதை இழுக்க வேண்டுமா, கதாபாத்திரங்கள் இழுக்க வேண்டுமா, எது சரி என்று கேட்கிறீர்கள்.

எது சரி என்பதற்கு முன்னால், உங்கள் மேசையில் இப்போது ஓடுவது எது என்று பாருங்கள். ஒரு கேரக்டர் ஷீட்டை, அதாவது ஒருவரின் கதாபாத்திரத்தை எழுதிவைத்த தாளை, எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் அதே அளவுக்குச் சண்டை போடத் தெரிந்த வேறொரு ஆளை நிறுத்துங்கள். அடுத்த செஷனுக்காக நீங்கள் எழுதி வைத்திருப்பதில் எத்தனை வரியை அடிக்க வேண்டியிருக்கிறது? ஒன்றுமே வேண்டாம் என்றால் கதைதான் இழுக்கிறது. பாதிக்கு மேல் அடிக்க வேண்டும் என்றால் ஆட்கள் இழுக்கிறார்கள். உங்கள் 40 பக்கத்தில் அநேகமாக ஒரு வரிகூட அடிபடாது. யார் போனாலும் மந்திரி அதே துரோகத்தைத்தான் செய்வார், இளவரசன் அதே குகையில்தான் இருப்பான். சத்திரத்துக் கல்யாணத்தில் மட்டும் அந்த ஐந்து பேரில் ஒருவரை மாற்றினாலும் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். அவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விளையாட்டே இப்படி ஒரு சொதப்பலில்தான் பிறந்தது. 1969-ல் அமெரிக்காவில் மினியாபோலிஸ், செயின்ட் பால் பக்கம் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. அதில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்று ஒரு ஆட்டம் வைத்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்று, அதை நோக்கிப் படை வரப்போகிறது. வழக்கம்போல ஆளுக்கொரு படை கொடுக்காமல், ஒருத்தரை மேயராக்கி, ஒருத்தரை வங்கிக்காரராக்கி, இன்னொருத்தருக்குப் பல்கலைக்கழகத் தலைவர் வேஷம் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் ஒன்றையும் கொடுத்தார். போர் தொடங்கவே இல்லை. ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டு ரகசியம் பேசி, பேரம் பேசி, ஆட்டம் கைமீறிப் போய்விட்டது. வெஸ்லி இது தோல்வி என்று முடிவு கட்டிவிட்டார். ஆடினவர்களோ இன்னொன்று வை என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அப்புறம் பிளாக்மூர் என்று தன் ஆட்டத்தை நடத்தி, கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார். ஆக, உங்கள் சத்திரத்துக் கல்யாணத்துக்கு வயது 50-க்கு மேல்.

கதை இழுக்கிற பக்கமும் பழசுதான். 1984-ல் டி அண்ட் டியை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் டிராகன்லான்ஸ் என்ற கேம்பெயின் வரிசையை வெளியிடத் தொடங்கியபோது, கேரக்டர்களையே அவர்கள் முன்கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் இந்த ஆள், உங்களுக்கு இன்னாரோடு பழைய உறவு, இந்தப் போர் இப்படித்தான் போகும் என்று. கதைக்கு வேண்டிய ஆள் நடுவில் செத்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பிணம் கிடைக்காதபடி சாகவிடுங்கள், பின்னால் ஏதாவது சொல்லித் திரும்பக் கொண்டுவரலாம் என்று. நம்ம ஊர் சீரியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ஆனால் இந்த ஒரு விதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், கதை இழுக்கிற கேம்பெயினின் பயம் முழுக்க அதில் இருக்கிறது. பகடை என்ன சொன்னாலும் கதை கெடக்கூடாது.

அந்தப் பயமே இல்லாத ஆட்டமும் அதே ஆண்டில் வந்தது. கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்துக்கு எழுதப்பட்ட மாஸ்க்ஸ் ஆஃப் நையர்லதொடெப் கேம்பெயினில் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகம் சுற்ற வேண்டும். ஆட்கள் வழியெல்லாம் சாவார்கள், பைத்தியமாவார்கள். செத்தவருக்குப் பதில் அடுத்த கப்பலில் புது ஆள் வந்து இறங்கி, பழைய ஆளின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துத் தொடருவார். துப்பு துலக்குவதும் அந்தச் சதியும்தான் முதுகெலும்பு, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, அவ்வளவு பெரிய சதிக்கதைகூட ஒரு பழைய நண்பனின் கொலையில்தான் தொடங்குகிறது. அந்த நண்பனை முதலில் நாலு வாக்கியம் பேசவிட்டுவிட்டுக் கொன்றால் ஆடுபவர்கள் கெய்ரோ வரைக்கும் போவார்கள். பெயரை மட்டும் சொல்லி, "அவர் உங்க ஃப்ரெண்டு, செத்துட்டார்" என்றால் நியூயார்க்கிலேயே காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, இந்தச் சண்டையில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இடம் இழுக்கிற ஆட்டம். கைகாக்ஸ் எழுதிய கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸில் ஒரு எல்லைக் கோட்டை, பக்கத்தில் குகைகள், அவ்வளவுதான். கோட்டைக்குள் இருப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, கோட்டைத் தலைவர், காவலர், வியாபாரி என்று பதவி மட்டும்தான். கதை எதுவும் எழுதப்படவில்லை, போகிறவர்கள் போய்ப் பார்த்து வருவதுதான் கதை. எல்லையில் குடியிருப்பவன் என்பதாலோ என்னவோ எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு.

நான் இருப்பது கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் மேசைக்குப் பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பேர் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வருவார்கள், பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒருவர், உள்ளூரில் இரண்டு பேர். ஒரு நண்பரின் கொப்பரைக் களத்துக்கு மேலே இருக்கிற அறைதான் இடம். பேச்சு தமிழில் தொடங்கி, கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போகும். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும், பார்த்திருப்பீர்கள், இல்லையென்றாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பராமாயணப் பாட்டுதான், இராவணன் சாவான் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதே கதை ஒரு கோயிலில் 7 ராத்திரி ஓடும், இன்னொரு கோயிலில் 21 ராத்திரி ஓடும். நடுவில் எங்கே நீள்கிறது என்றால், புலவர் ஒரு பாட்டைச் சொல்லி நிறுத்திவிட்டு, அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் சொன்னது, இவன் அதற்கு என்ன பதில் சொல்வான் என்று பேச்சை வளர்த்துக்கொண்டே போகிற இடத்தில்தான். கதை முன்பே முடிவானது என்பதால் பாத்திரம் சுருங்கிப் போவதில்லை. கதைப்போக்கும் கதாபாத்திரமும் எதிரெதிர்க் கட்சி என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கூத்துதான் ஞாபகம் வரும். அப்புறம் அந்தக் கூத்தைப் பார்க்க முன்னால் ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் நடத்துவார்கள், ஏனென்றால் அது தேவி பார்க்க ஆடுவது. 40 பக்கம் எழுதிவைத்துவிட்டு ஆட்கள் கவனிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற டிஎம்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, கதாபாத்திரம் இழுக்கிறது என்றால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். பேக்ஸ்டோரி, அதாவது ஆளின் முன்கதை வேறு, கேரக்டர் வேறு. ஒரு பையன் என்னிடம் 11 பக்கம் பேக்ஸ்டோரி எழுதிக்கொண்டு வந்தான். அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டார்கள், ஊர் எரிந்துவிட்டது, குருவும் செத்துவிட்டார். படித்துவிட்டு, "இப்ப இவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு "பழிவாங்கணும்" என்றான். "யாரை?" என்றேன். "அதை நீங்கதாண்ணா சொல்லணும்" என்றான். 11 பக்கத்தில் நான் பிடித்து இழுக்க ஒரு கயிறுகூட இல்லை. எல்லோரும் செத்துப்போனதால் யாரையும் காட்டி மிரட்டவும் முடியாது, யார் வீட்டுக்கும் கூப்பிடவும் முடியாது.

நல்ல ஆட்டங்கள் இதைப் பல விதமாகச் சமாளித்திருக்கின்றன. 1977-ல் வந்த டிராவலரில் கேரக்டர் உருவாக்குவதே பகடை உருட்டி அவரது வேலை, பதவி, வயது என்று வாழ்க்கையை ஓட்டிப் பார்ப்பதுதான், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது கடந்த காலம் மட்டும். லூக் கிரேனின் பர்னிங் வீல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொருவரும் தன் கேரக்டரின் நம்பிக்கைகளை ஷீட்டில் வாக்கியமாக எழுத வேண்டும், டிஎம்மின் வேலை அந்த வாக்கியங்களை உரசிப் பார்ப்பது. ஃபேட் ஆட்டத்தில் உங்கள் பலவீனத்தை டிஎம் கிளப்பிவிடலாம், ஒத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும், முடியாது என்றால் நீங்கள் ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். முரடன் முரட்டுத்தனம் செய்து சிக்கலில் மாட்டினால் அவனுக்குக் கூலி என்று அர்த்தம். டி அண்ட் டியின் 2014 பதிப்பிலும் பற்று, குறை என்றெல்லாம் எழுதக் கட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மேசைகளில் முதல் நாள் எழுதினதோடு சரி, அப்புறம் ஒருத்தரும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை.

நான் இப்போதெல்லாம் பேக்ஸ்டோரி கேட்பதே இல்லை. மூன்று கேள்விதான் கேட்பேன். யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்? இந்த ஊரில் யார் எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போவாய்? எவ்வளவு கொடுத்தாலும் எதைச் செய்ய மாட்டாய்? பதிலில் வருகிறவர்கள் உயிரோடு இருக்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும், நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் ரொம்ப முக்கியம். ஏழு மலை தாண்டி இருக்கிற பரம வைரியால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர்க் கணக்கு ரத்தத்தில் ஊறினது. ஆழியாற்றிலிருந்து மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வந்தாக வேண்டும் என்பதைச் சித்தூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். அதனால் ஒரு கற்பனை ஊர் வைத்தேன். மேலூர், கீழூர், நடுவில் ஒரு மதகு. மதகின் சாவி காணோம். ஒன்பது நாளில் கீழூர் நெல் கருகிவிடும். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு எட்டாகப் பிரித்து, நாள் போகப் போகத் துண்டு துண்டாகக் கறுப்படித்துக்கொண்டே போவேன். வட்டத்தைத் துண்டு போட்டு நேரத்தைக் காட்டுகிற இந்த வழக்கத்தை அபோகாலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டமும் 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டமும் பரப்பிவிட்டன, அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். சுத்தமான கதை இழுப்புதான் இது. சாவி எங்கே, யார் எடுத்தார், மேலூர்ப் பெரிய வீட்டின் மூன்று அறை, காவலுக்கு நாய், எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

சித்தூர்க்கார நண்பரின் கேரக்டர் ஒரு மரமேறி, கள்ளு இறக்குகிறவர். யாருக்குக் கடன் என்ற கேள்விக்கு அவர் எழுதினது, "மாமா. அப்பா போனபின் என்னை மரமேறப் பழக்கினவர்." நான் அந்த மாமாவை மதகுக் காவலராக்கிவிட்டேன். நாலாவது செஷனில் ராத்திரி மாமாவிடம் விசாரிக்கப் போனார்கள். மரமேறி மட்டும் தனியாகப் பேசுகிறேன் என்றார். மற்றவர்கள் வாசலில். மாமா சாவியைப் பார்க்கவே இல்லை என்று சொன்னார். பொய் தெரிகிறதா என்று பார்க்க நண்பர் இருபது முகப் பகடையை உருட்டினார், 17 விழுந்தது, தாராளமாகப் போதும். "கைல மண்ணு. விளக்கை நீ வந்ததும் தணிச்சார். சாவி இந்த வீட்ல புதைச்சிருக்கு, உனக்குத் தெளிவாத் தெரியுது" என்றேன். நண்பர் கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாசலில் நின்ற கேரக்டர்களை ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கேட்டுட்டேன். வாங்க போலாம்" என்றார்.

மேசையில் இருந்த நாலு பேருக்கும் உண்மை தெரியும், அவர்களுடைய கேரக்டர்களுக்குத் தெரியாது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர், "யோவ், ஊரே வாடிக்கிட்டிருக்கு" என்று எழுந்துவிட்டார். இவர் அசையவில்லை. "எம் மாமாவ நான் காட்டிக் குடுக்கமாட்டேன்." மூன்றாவது கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதில் அதுதான், எனக்கே மறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் நடந்தது முழுக்க நான் எழுதாதது. பெரிய வீடும் மூன்று அறையும் நாயும் அப்படியே பெட்டிக்குள் போயின. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்படித்த அந்த வட்டம் மேசை நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொய்க்கு ஒரு கனமும் இருந்திருக்காது. நெல் கருகுகிறது, ஐந்து துண்டு போய்விட்டது, அதற்கு நடுவில் ஒருவர் தன் மாமாவுக்காகப் பொய் சொல்கிறார். வட்டம் கதையினுடையது, பொய் கேரக்டரினுடையது.

என் கட்சி அதுதான். கதை நேரத்தையும் விலையையும் வைக்கட்டும், என்ன செய்வது என்பதை ஆட்கள் முடிவு செய்யட்டும். டிஎம் எழுத வேண்டியது, யாரும் குறுக்கே வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும்தான். மந்திரி என்ன திட்டம் போட்டிருக்கிறார், எந்த நாளுக்குள் எது முடியும் என்று. நம் ஆட்கள் ஐந்தாம் காட்சியில் இதைச் செய்வார்கள் என்று எழுத ஆரம்பித்தால் அது நாடகம், அதற்கு ஒத்திகை வைக்க வேண்டும்.

கதாபாத்திரம் இழுக்கிற கேம்பெயினைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கடங்களும் இருக்கின்றன. முதலாவது, ஆள் வராத நாள். மாமா கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நண்பர் வீட்டில் விசேஷம், வரவில்லை. அன்றைக்கு ஆட்டம் பல்லிளித்தது. துப்பு துலக்குகிற கதையாக இருந்தால் நாலு பேரை வைத்து ஓட்டியிருக்கலாம். உங்கள் கூட்டத்தில் வருகை நிச்சயமில்லை என்றால், ஒருவரின் சொந்தக் கதையை இரண்டு செஷனுக்கு மேல் நடுவில் வைக்காதீர்கள். இரண்டாவது, பேச்சு சாமர்த்தியம் உள்ளவர் மேசையை எடுத்துக்கொள்வார். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு "இளவரசனைத் தேடிப் போ" என்பது ஒரு பாதுகாப்பு, செய்ய வேலை இருக்கிறது. அவரிடம் போய் "உங்க கேரக்டர் மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். மூன்றாவது, "என் கேரக்டர் அப்படித்தான்" என்ற சால்ஜாப்பு. கூட்டாளியின் பணத்தைத் திருடிவிட்டு, கேட்டால் என் கேரக்டர் திருடன் என்பது. அந்த கேரக்டரை எழுதினது யார்? மாமாவுக்காகப் பொய் சொன்னவர் ஆட்டம் முடிந்து கீழே இறங்கும்போது, பொள்ளாச்சிக்காரரிடம், "உங்களுக்கு இது ஓகேதானே, இல்லேன்னா அடுத்த வாரம் நானே சொல்லிடறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். அப்படிக் கேட்கத் தெரியாதவர்களோடு இந்த மாதிரி ஆட்டம் வேண்டாம்.

கதை இழுக்கிற ஆட்டத்தின் சங்கடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும். கதை நகர வேண்டுமென்றால் ஒரு விஷயத்துக்கு மூன்று தடயமாவது வையுங்கள். ஒன்றைப் பார்க்காமல் தாண்டிப் போவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கையில் சிக்கும். ஒரே தடயத்தை வைத்துவிட்டு அவர்கள் அதைக் கண்டுபிடிக்கும்வரை பகடை உருட்டச் சொல்வதுதான் பெரும்பாலும் திணிப்பாகத் தெரிகிறது. உங்களைக் குற்றம் சொன்ன நண்பரும் இதைத்தான் சொல்ல வந்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி உங்கள் மேசை. 40 பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். மந்திரியின் திட்டத்தை மட்டும் அரைப் பக்கமாக, நாள் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். குகையை மறந்துவிடுங்கள். ஐந்து பேரிடமும் அந்த மூன்று கேள்வியை வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக்கு மேல் வாங்காதீர்கள். பிறகு கல்யாணத்தை நடத்துங்கள், அவர்கள் ஆசைப்பட்ட மாதிரியே. பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களில் ஒருவர், உங்கள் ஆட்களில் ஒருவர் கடன்பட்டவராக இருக்கட்டும். பந்தியில் கடைசி வரிசையில் சாப்பிடுகிற மூன்று பேர் மந்திரியின் ஆட்களாக இருக்கட்டும், யாரையோ தேடி வந்தவர்கள். இளவரசன் எங்கே என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், மாப்பிள்ளைத் தோழனைக் கொஞ்சம் பாருங்கள், ரொம்ப நேரமாகத் தலையைக் குனிந்தே இருக்கிறான். மொய் நோட்டு யார் கையில் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், எங்கள் மேசையில் ஒருமுறை அதற்கே ஒரு செஷன் போய்விட்டது.